வடுகரும் பிரபுக்களும்: கண்டி நாயக்கர் வமிசத்தின் எழுச்சி வீழ்ச்சியும் ஊவாவின் சாட்சியமும்

அரசகுடும்பமொன்றின் வீழ்ச்சியைப் பற்றிய இலக்கியம் பெரும்பாலும் அவ்வீழ்ச்சியாற் பயனடைந்தோரின் நிழலிலேயே எழுதப்படுவது. வென்றவர் தரப்புப் புலவன் வீழ்ந்தவனின் கொடுமையைப் பாடுவான்; அக்கொடுமை மெய்யாகவுமிருக்கலாம். எனினும் எந்தக் கொடுமை பாடப்பட்டது, எந்தக் கொடுமை பாடாது விடப்பட்டது என்று வினவும்போதே பாடலின் வர்க்கச் சார்பு வெளிப்படுகின்றது. 1739 முதல் 1815 வரை கண்டியிராச்சியத்தை ஆண்ட நாயக்கர் வமிசம்பற்றி எழுந்த ஆக்கங்களை இவ்வினாவுடன் மீள வாசிக்க முயல்கின்றோம்.

இவ்வமிசம்பற்றி இன்று இரு கதைகள் வழங்குகின்றன. சிங்கள நாட்டின் சிம்மாசனத்திலேறிய அந்நியத் தமிழ்க் கொடுங்கோலர் என்பது ஒன்று. இலங்கையின் இறுதி மன்னன் தமிழன், அவனைப் பிரபுக்கள் அந்நியருக்குக் காட்டிக்கொடுத்தனர் என்பது மற்றொன்று. முன்னையது சிங்களப் பேரினவாதத்தின் கதை; பின்னையது அதற்கு மறுமொழியாகத் தமிழர் மத்தியில் வளர்ந்த பெருமிதக் கதை. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரண்டும் அடிப்படையில் உடன்படுகின்றன. ஒரு குடும்பத்தின் விதியை ஓர் இனத்தின் விதியாகக் கொள்வதே அவ்வுடன்பாடு. அரசன் சிறைப்பட்ட மூன்றாண்டுகளுக்குள் ஊவாவில் நிகழ்ந்தவை இக்கருத்துக்கு நேர்மாறான சான்றைத் தருகின்றன. அச்சான்று வரலாற்றாசிரியர் எவரும் அறியாததன்று; இலக்கிய ஆய்வாளரே அதனைக் கணக்கிலெடுக்கத் தவறினர்.

குடும்பமும் சிம்மாசனமும் மோதிய வரலாறுகளுட் பைசாந்தியப் பேரரசின் வரலாறு ஒப்பீட்டுக்குப் பயன்தருவது. சின்னாசியாவின் கப்பதோக்கியாப் பிரதேசத்துப் பெருநிலவுடைமையாளரான போக்காஸ் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகப் படைத்தலைமை வகித்துச் செல்வாக்குற்றனர். அக்குடும்பத்து நிக்கேபோரஸ் 963 இற் பேரரசனானான். 969 இல் அரண்மனையிலேயே கொலையுண்டான். அவனுடைய சகோதரன் மகன் பர்தாஸ் 987 இல் இரண்டாம் பசிலுக்கெதிராகத் தன்னைப் பேரரசனெனப் பிரகடனஞ்செய்து, 989 இற் போர்க்களத்தில் மாண்டான். 996 இற் பசில் பிறப்பித்த சட்டம், குடியானவரிடமிருந்து வலியோர் கவர்ந்த நிலங்களை மீட்க வழிசெய்தது. போக்காஸ் குடும்பம் அச்சட்டத்திலே பெயர்சுட்டிக் குறிக்கப்பட்டது. கொன்ஸ்தாந்திநோப்பிளின் சிம்மாசனம் நிலத்தில் வேரூன்றிய குடும்பங்களைக் கண்டு அஞ்சியது. கண்டியிலோ நிலத்தில் வேரூன்றிய குடும்பங்கள், நிலத்தில் வேரற்ற குடும்பமொன்றைத் தாமே சிம்மாசனத்திலமர்த்தின. அதனைப் பின்னர் வீழ்த்தியவையும் அவையே.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பிற்காலத்துக் கொம்னேனோஸ் குடும்பத்துக்கு அன்னா என்னும் மகள் வரலாற்றாசிரியையாக வாய்த்தாள்; தந்தை அலெக்சியோசின் ஆட்சியை (1081-1118) அவள் குடும்பத்தின் உள்ளிருந்து எழுதிவைத்தாள். நாயக்கரைப்பற்றிப் பெரிதும் எடுத்தாளப்படும் நூல்களில் அத்தகைய குடும்பக்குரல் இல்லை. அவர்களைப் புகழ்ந்த நூலும் இகழ்ந்த நூலும் கண்டியின் பிரபு-பிக்கு வட்டத்திலிருந்தே பிறந்தன. இதனை மனத்திற்கொண்டே மேலே செல்லவேண்டும்.

கண்டியரசர் தென்னிந்தியாவிலிருந்து அரசியரைப் பெறும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றுவிட்டது. சத்திரிய குலத்தவனே அரசனாகலாம் என்பது அக்காலக் கருத்துநிலை. உள்நாட்டுப் பிரபுக்கள் எத்துணைச் செல்வாக்குடையோராயினும் சத்திரியராகக் கருதப்பட்டிலர். நரேந்திரசிங்கன் 1739 இல் இறந்தபோது உயர்குலச் சிங்களப் பெண்ணொருத்தி வயிற்றிற் பிறந்த உனம்புவே பண்டார என்னும் மகன் இருந்தான். அவன் ஒதுக்கப்பட்டு, பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராசசிங்கன் என்னும் பெயருடன் முடிசூட்டப்பட்டான். இதனைக் குலநம்பிக்கையின் விளைவென்று மட்டும் விளக்குவோருமுளர். குலநம்பிக்கை காற்றிலே நிற்பதில்லை. அதனைத் தாங்கிய நிலவுறவுகளைப் பார்க்கவேண்டும்.

கண்டியிற் காணியனைத்தும் கோட்பாட்டளவில் அரசனுக்குரியது. கபடாகம எனப்பட்ட அரச கிராமங்கள், விகாரை தேவாலயங்களுக்குரிய கிராமங்கள், பிரபுக்களுக்கு வழங்கப்பட்ட நிந்தகம என்பனவாக நிலம் பிரிந்திருந்தது. காணியை அனுபவித்தவன் அதற்கீடாக இராசகாரியம் என்னும் ஊழியத்தைச் செய்யக் கடமைப்பட்டான். அதிகாரும் திசாவையும் இவ்வூழியத்தைத் திரட்டும் இடைநிலையினர். அவர்தம் செல்வமும் படைவலியும் அதிலிருந்தே பிறந்தன. ஆயினும் பதவியை வழங்குபவனும் பறிப்பவனும் அரசன். பிலிமத்தலாவ குடும்பத்தவனோ எஹெலப்பொல குடும்பத்தவனோ அரசனாகியிருப்பின், அவன் தன் குடும்பத்துக் காணிவலியுடன் முடியின் வலியையுஞ் சேர்த்து ஏனைய குடும்பங்களை விழுங்கியிருப்பான். ஒரு பிரபுக்குடும்பம் மற்றொன்றுக்கு அடிபணிய மறுத்த இந்நிலையிற் கடல்கடந்து வந்த உறவினன், கிராமங்களோ பரம்பரைக் குடிபடைகளோ அற்றவன், எல்லோர்க்கும் ஏற்றவனானான். மலபார் வீதியென இன்றும் வழங்கும் குமாரப்பே வீதியில் அரசனின் உறவினர் குடியிருந்தனர். அவர்கள் கைக்குத் திசாவனிகள் பெரும்பாலும் சென்றதில்லை. நாயக்கரின் எழுச்சிக்கு அவர்களுடைய பலவீனமே காரணம்.

இவ்வேற்பாடு நிலைத்தற்கு இலக்கியம் ஆற்றிய பணி குறைவானதன்று. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747-1782) 1753 இற் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து உபசம்பதாவை மீளத் தாபித்தான், விகாரைகளைப் புதுக்கினான். திப்பொட்டுவாவே புத்தரக்கித தேரர் அவன் காலத்திலே தொடர்ந்தெழுதிய சூளவம்சப் பகுதி, பொய்ந்நெறி விட்டுப் பௌத்தத்தைத் தழுவிய வமிசமாகவும், பழைய மகாசம்மத வழியின் வாரிசாகவும் நாயக்கரைக் காட்டுகின்றது. அவர்களின் அந்நியத்தன்மை அங்கே குறையாகத் தோன்றவில்லை. சாசனத்தின் வெற்றிக்குச் சான்றாகின்றது. அதே அரசனுக்கெதிராக 1760 இற் சமனக்கொடி அதிகார் தலைமையிற் பிக்குகள் சிலரும் சேர்ந்து சதிசெய்தனர். அரசன் திருநீறணிபவன் என்பது அப்பொழுது எழுந்த குறைகளுள் ஒன்றெனக் கூறப்படுகின்றது. சதி முறிந்தது. சதிகாரர் அரசனாக்க விரும்பியது சிங்களப் பிரபுவொருவனையன்று, சீயதேச இளவரசனொருவனை. 'அந்நியன்' என்ற சொல்லின் பொருள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்த அரைநூற்றாண்டை விரைந்து கடக்கலாம். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் பிடித்துக்கொள்ள, கண்டி கடலிலிருந்து துண்டிக்கப்பட்டது. வெளிவருவாய் சுருங்கவே உள்நாட்டு ஊழியத்திற் பங்கு யாருக்கு என்ற போட்டி கூர்மையடைந்தது. 1798 இல் முதலாம் அதிகாரான பிலிமத்தலாவ, கண்ணுசாமி என்னும் இளைஞனை ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனாக முடிசூட்டினான். தன் கைப்பொம்மையாக இருப்பான் என்று அவன் கருதியிருத்தல் வேண்டும். பொம்மை தானே அசையத் தொடங்கியபோது மோதல் தவிர்க்கவியலாததாயிற்று. பிலிமத்தலாவ 1811 அளவிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவன் இடத்துக்கு வந்த எஹெலப்பொல 1814 இற் கிளர்ந்து பிரித்தானியரிடம் ஓடினான். கண்டியில் அவன் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். 1815 பெப்ரவரி 18 இல் அரசன் மெதமகாநுவரப் பகுதியிற் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

இவ்வாட்சியின் இறுதியாண்டுகளை வருணிக்கும் நூல்களுள் இரண்டு இங்கு முக்கியமானவை. ஒன்று கித்தலகம தேவமித்த தேரரின் கிரள சந்தேசய. மற்றது வெலிகல கவிசுந்தர முதலியின் வடிக ஹட்டன. பின்னதற்கு எஹெலப்பொல ஹட்டன என்ற பெயரும் வழங்குவது தற்செயலன்று. இரண்டும் எஹெலப்பொலவைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டவை. அவன் அரசனாகக்கூடும் என்ற எதிர்பார்ப்பு நிலவிய குறுகிய காலத்துச் சூழலைச் சேர்ந்தவை. யாப்பிலும் அணியிலும் சந்தேச மரபையும் ஹட்டன் மரபையும் பின்பற்றும் இவை, மரபை எங்கே மீறுகின்றன என்பதே கவனிக்கத்தக்கது. ஹட்டன் காவியம் அரசன் அந்நியப் படையை வென்றதைப் பாடும் வகை. போர்த்துக்கேயருக்கெதிராக அது வளர்ந்தது. 1803 இற் பிரித்தானியர் தோற்றபோது இதே ஸ்ரீ விக்கிரமனைப் புகழ்ந்து இங்கிரிசி ஹட்டன பாடப்பட்டது. வடிக ஹட்டனவில் அவ்வடிவம் கவிழ்க்கப்படுகின்றது. அரசனே பகைவனாகின்றான்; அந்நியப் படையைக் கூட்டிவந்த பிரபு வீரனாகின்றான். இத்தலைகீழாக்கத்தை வாசகன் ஏற்கவேண்டுமாயின் அரசனை அந்நியனாக்கியே தீரவேண்டும். புலவனின் தேவை இங்கே இலக்கியத் தேவை. அதனைத் தோற்றுவித்தது பிரபுவின் அரசியற் தேவை.

அந்நியனாக்கும் வேலை சொற்களின்மூலம் நடைபெறுகின்றது. நூற்பெயரிலுள்ள 'வடிக' என்பது வடுக என்பதன் சிங்கள வடிவம். தெலுங்கு வழியினரைக் குறிப்பது. நூலின் உள்ளேயோ வசைச் சொல்லாக வருவது 'தெமள', அஃதாவது தமிழர். மதுரை நாயக்க மரபோடு தொடர்புகொண்ட, தெலுங்கைக் குலமொழியாகக் கொண்ட ஒரு குடும்பம், இரு பெயர்களுக்கிடையே வழுக்கி ஓரினத்தின் பிரதிநிதியாகிவிடுகின்றது. பிரித்தானியர் இவ்வழுக்கலை உடனே பற்றிக்கொண்டனர். ஜோன் டொயிலியின் கைவண்ணமான 1815 உடன்படிக்கையின் முதல் வாசகங்கள் 'மலபார்' அரசனின் கொடுமைகளைக் காரணங்காட்டுகின்றன. இரண்டாம் பிரிவு மலபார் இனத்தின் ஆட்சியுரிமை முழுவதையும் ஒழிக்கின்றது. மூன்றாம் பிரிவு அரசனின் உறவினராகவுள்ள அல்லது உறவினரெனக் கூறிக்கொள்ளும் ஆண்கள் கண்டிப் பிரதேசத்துள் நுழைவதை இராணுவச் சட்டத் தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றது. காவியமும் காலனித்துவ ஆவணமும் ஒரே கதையைச் சொன்னது விந்தையன்று. இரண்டும் ஒரே பேரத்தின் இரு பக்கங்கள்.

பாடப்பட்டது எது, பாடப்படாதது எது என்ற வினாவுக்கு இப்பொழுது வரலாம். எஹெலப்பொல குடும்பத்தின் கொலை பாடப்பட்டது. ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளின் தலைகளைத் தாயே உரலிலிட்டு இடிக்கும்படி செய்யப்பட்ட செய்தி இடம்பெற்று, அதன்பின் நூலுக்கு நூல் மீளக் கூறப்பட்டது. தமிழ்க் கலைகளும் இதில் விதிவிலக்கல்ல. தமிழகத்து நாடகக் கம்பனிகள் ஆடிய கண்டி ராஜா நாடகமும், யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஆடப்படும் கண்டியரசன் கூத்தும் அரசனைக் கொடுங்கோலனாகவே மேடையேற்றின. எஹெலப்பொல மனைவியின் புலம்பலே அவையை உருக்கும் இடம். 'நமது மன்னன்' என்ற பெருமிதம் அம்மேடைகளிற் காணப்படவில்லை. அது மிகப் பிற்பட்ட காலத்து விளைவு என்பதற்கு இவையே போதிய சான்று.

பாடப்படாதது கண்டி வாவி. நகரை அழகுபடுத்த அரசன் வெட்டுவித்த அவ்வாவிக்கும் பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபத்துக்கும் தம் வயலை விட்டு வந்து மண்சுமந்த குடியானவரின் இராசகாரியத்தைப்பற்றி இக்காவியங்களுக்கு அக்கறையில்லை. அக்கறையிருந்தால், அதே ஊழியத்தைத் தத்தம் திசாவனிகளிற் பறித்துவந்த பிரபுக்களையும் பாடவேண்டிவந்திருக்கும். பிரபுவின் குழந்தை இறந்தது காவியமாயிற்று; குடியானவனின் முதுகொடிந்தது வழமையாயிற்று. இங்கு அரசனுக்கும் நாம் சலுகை தருவதற்கில்லை. பிரபுக்களை ஒடுக்கினான் என்பதனால் அவன் மக்களின் அரசனாகிவிடமாட்டான். இடையிலுள்ளவனின் பங்கைக் குறைத்துத் தன் பங்கைப் பெருக்கிய நிலமானிய மன்னன் அவன். நம்மவருள் முற்போக்கு எழுத்தாளர் சிலர் இவ்விடத்தில் இடறியதுண்டு: பிரபுக்களின் எதிரி என்பதை உழைப்பாளரின் நண்பன் என்று அவசரமாக மொழிபெயர்த்துக்கொண்டனர்.

இந்நூல்களை முன்வைத்து நிகழ்ந்த ஆய்வு விவாதம் நன்கறியப்பட்டது. கே. என். ஓ. தர்மதாச 1976 இல் எழுதிய கட்டுரை, நாயக்கர் காலம் முழுவதும் அடியோட்டமாகவிருந்த சிங்கள பௌத்த உணர்வின் வெளிப்பாடாக இவற்றைக் கண்டது. லெஸ்லி குணவர்த்தன 1979 இல் வெளியிட்ட சிங்க மக்கள் பற்றிய ஆய்வு, இனவுணர்வு வரலாற்றில் உருவாகி மாறும் கருத்துநிலையே என்று வாதிட்டது. தர்மதாச 1992 இல் அதனை மறுத்தெழுதினார். கணநாத் ஒபயசேகர 2017 இல் வெளியிட்ட நூல், ஸ்ரீ விக்கிரமனைப்பற்றிய கொடுங்கோலன் சித்திரம் டொயிலியின் உளவு வலைப்பின்னலும் பிரபுக்களின் பகைமையும் சேர்ந்து புனைந்தது என்று விரிவாகக் காட்டுகின்றது. ஒபயசேகரவின் உழைப்பு பெரிது. அரசனுக்கு நீதிசெய்யும் ஆர்வமும் மதிப்புக்குரியது. எனினும் அந்நூல் இறுதிவரை அரசனின் நூலாகவே நிற்கின்றது. ஒரு மனிதனின் பெயரைத் துலக்குவதோடு பணி முடிவதில்லை; அவனைக் கறுப்பாக்கிய கதை எவ்வெவர்க்குப் பயன்பட்டது என்பது அரசனோடு முடியாத வினா. தர்மதாசவின் சான்றுகள் மெய்யானவை; 'தெமள' என்னும் வசை அந்நூல்களில் உண்மையிலேயே உள்ளது. ஆயின் எஹெலப்பொலவைப் புகழப் பிறந்த இரண்டு நூல்களின் குரலை ஒரு சமூகத்தின் குரலாகக் கொள்ள எவ்வித நியாயமுமில்லை. அச்சமூகம் பேசிய இடம் வேறு.

அவ்விடம் ஊவா. பதுளையிலிருந்து பசறைக்கு வந்து, அங்கிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் வழியை நாமறிவோம். தேயிலை மலைகள் முடிந்து வெப்பவெளி தொடங்கும் அத்திசையே பழைய வெல்லஸ்ஸ. 1817 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் பிந்தென்ன, வெல்லஸ்ஸக் காடுகளில் முன்னாட் பிக்குவொருவன் தோன்றினான். வில்பாவ என்பது அவன் ஊர்ப்பெயர். அவன் தன்னைச் சிங்களப் பிரபுவென்றோ பழைய சிங்கள அரசரின் வழித்தோன்றலென்றோ கூறிக்கொள்ளவில்லை. தான் துரைசாமி, சிறைப்பட்ட அரசனின் நாயக்க உறவினன் என்றான்.

இதன் பொருளைச் சற்று நின்று நோக்கவேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன்னர், நாயக்க உறவினன் எனக் கூறிக்கொள்ளும் எவனும் கண்டிநாட்டிற் கால்வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்று உடன்படிக்கை விதித்திருந்தது. 'வடிக' இனத்தை ஒழித்ததற்காகக் காவியங்கள் எஹெலப்பொலவைப் போற்றின. நாயக்கர்மீது மக்கள் கொண்ட வெறுப்பே 1815 இன் காரணமாயின், அரசனாக விரும்பிய வஞ்சகன் வேறெந்தப் பெயரையும் தெரிந்திருக்கலாம். அந்த ஒரு பெயரை மட்டும் தெரிந்திருக்கமாட்டான். சிங்களக் கிராமத்திற் பிறந்த சிங்களவன் ஒருவன், தன் சிங்களப் பிறப்பை மறைத்து வடுகனாக வேடமிட்டான். வெல்லஸ்ஸவின் குடியானவரும் வேடரும் அவ்வேடத்தை ஏற்று அவன்பின் அணிதிரண்டனர்.

கிளர்ச்சிக்கான காரணங்களை இங்கு விரித்துரைக்க இடமில்லை. கொழும்பு அரசாங்கம் ஹாஜி மரிக்காரை வெல்லஸ்ஸ முஸ்லிம்களின் முகாந்திரமாக நியமித்து உள்ளூர்த் தலைவரின் அதிகாரத்தைக் குறைத்தமை உடனடிப் பொறி. அவர் கிளர்ச்சியாளர் கையில் உயிரிழந்தார். பதுளையிலிருந்து விசாரிக்கச் சென்ற வில்சன் என்னும் பிரித்தானிய அதிகாரி அம்புக்கிரையானார். கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்டவன் ஊவாத் திசாவையான மொனரவில கெப்பெட்டிப்பொல. எஹெலப்பொலவின் மைத்துனன் அவன். கொலையுண்ட அப்பெண் அவன் உடன்பிறந்தவள். 1815 உடன்படிக்கையில் ஊவாவின் சார்பாகக் கைச்சாத்திட்டவனும் அவனே. காவியப் புலவனின் தர்க்கப்படி இந்நாட்டில் நாயக்கர்மீது தீராத வஞ்சம் கொள்ளவேண்டியவன் இவனொருவன். அவனோ 1817 நவம்பரிற் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தான். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்களைப் பிரித்தானியரிடமே திருப்பியனுப்பிவிட்டு, துரைசாமியெனப்பட்டவனின் அதிகாரானான். சகோதரியைக் கொல்வித்த குடும்பத்தின் பெயர்பூண்டவனுக்கு முன் அவன் நின்றான். இரத்தப்பகையும் இனப்பகையும் வரலாற்றை நடத்துகின்றன என்போர் இக்காட்சிக்கு விளக்கந்தரவேண்டும்.

நமது விளக்கம் எளியது. 1815 இற் பிரபுக்கள் எதிர்பார்த்தது, தம் அதிகாரத்தைக் குறைக்காத தொலைதூர அரசனொருவனை. இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் இன்னொரு நாயக்கனாக இருப்பான், மேலும் தூரத்திலிருப்பான் என்று எண்ணினர். வந்ததோ சிப்பாய் வணங்க மறுக்கும் பிரபு, எழுத்தரின் ஆணைக்கு நிற்கும் திசாவை என்னும் நிலை. அவர்களுக்குப் பழைய ஏற்பாடு மீண்டும் தேவைப்பட்டது. அவ்வேற்பாட்டின் மையத்தில் வேரற்ற அரசனொருவன் வேண்டும். குடியானவருக்கோ அரசனில்லாத நாட்டில் வழமை இல்லை, வழமையில்லாவிடத்துக் காணியும் இல்லை. 'துரைசாமி' என்ற பெயர் அவர்கள் இழந்த உறவுமுறை முழுவதன் சின்னமாயிற்று. நாயக்கர்மேல் அவர்கள் அன்புகொண்டிருந்தனர் என்று நாம் வாதிடவில்லை. அரசன் வடுகனாயிருத்தல் அவர்கள் கண்ணில் ஒரு குறையாகவிருக்கவில்லை என்பதே இங்கு பெறப்படுவது.

1818 இன் பிற்பகுதியில் மடுகல்ல என்னும் தலைவன் வில்பாவவின் வேடத்தைக் கண்டறிந்து அவனைத் தொழுவில் மாட்டினான். வடுகன் என்பதற்காக அவன் தண்டிக்கப்படவில்லை. வடுகனல்லன் என்பதற்காகவே தண்டிக்கப்பட்டான்.

அதற்குள் கிளர்ச்சி தோல்வியை நெருங்கிவிட்டது. தேசாதிபதி பிரவுண்றிக் மதராசிலிருந்து மேலதிகப் படைகளைத் தருவித்தான். 'மலபார்' ஆட்சியிலிருந்து சிங்களவரை மீட்டதாகக் கூறிக்கொண்ட அரசாங்கம், மதராஸ் சிப்பாய்களைக்கொண்டு சிங்களக் கிராமங்களைக் கொளுத்தியது. வீடுகள் எரிக்கப்பட்டன, நெற்களஞ்சியங்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. 1819 இல் ஊவா வழியாகச் சென்ற டேவி, உயிரோட்டமிழந்த பிரதேசமொன்றைக் கண்டு எழுதினார். முக்கால் நூற்றாண்டு கழித்து 1893 இல் ஊவா மாகாணக் கைந்நூலைத் தொகுத்த அரசாங்க உத்தியோகத்தர் ஹேர்பட் வைட், அவ்வழிவிலிருந்து மாகாணம் மீளவில்லை என்ற பொருள்பட எழுதவேண்டியிருந்தது. கெப்பெட்டிப்பொலவும் மடுகல்லவும் 1818 நவம்பர் 26 இற் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டனர். கெப்பெட்டிப்பொலவின் மண்டையோடு எடின்பரோவின் மண்டையியற் சங்கத்துக்குப் போய், சுதந்திரத்தின்பின்னரே திரும்பிற்று. எஹெலப்பொலவும் தப்பவில்லை: 1818 இற் கைதாகி, 1825 இல் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829 இல் அங்கேயே இறந்தான். வடிக ஹட்டனவின் வீரன் வேண்டிய முடி அவனுக்குக் கிடைக்கவேயில்லை. அவனை வேண்டிய கவிதை மட்டும் எஞ்சி, வேறு தேவைகளுக்குப் பயன்படலாயிற்று.

நாயக்கர் குடும்பத்தின் பிற்கதை சுருக்கமானது. அரசனும் உறவினரும் 1816 இன் தொடக்கத்திற் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1832 ஜனவரி 30 இல் அவன் இறந்தான். வேலூரிற் பிறந்த அவன் மகன் 1843 இல் மறைந்தான். எஞ்சியோர் இலங்கை அரசாங்கத்தின் ஓய்வூதியத்தில் நெடுங்காலம் வாழ்ந்தனர். நிலமின்றி வந்த குடும்பம் நிலமின்றியே கழிந்தது. கண்டிப் பிரபுக்குடும்பங்களின் கதை வேறு. தண்டிக்கப்பட்டவை சில; ஏனையவை இரட்டே மகாத்மயாக்களாகவும் முதலியார்களாகவும் புதிய நிர்வாகத்திற் புகுந்தன. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காணிகளை முடிக்குரியனவாக்கியது. அவை கோப்பித் தோட்டங்களாயின. இலைநோயிற் கோப்பி அழிய, தேயிலையாயின. 1818 இல் மக்களை இழந்த ஊவாவின் மலைச்சரிவுகளில், பசறையிலும் பதுளையிலும் அப்புத்தளையிலும், தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாளர் லயங்களிற் குடியேற்றப்பட்டனர்.

பிரபுவுக்காக எழுதப்பட்ட சொல் இவர்கள்மீது வந்து விழுந்தது இங்கேதான். காணியைப் பறித்தது முடி; பயனடைந்தது தோட்டக் கம்பனி; இடையில் நின்று கையொப்பமிட்டோர் உள்ளூர்த் தலைவர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் அரசியல், கண்டிக் குடியானவனின் இழப்பை விளக்குவதற்கு 1815 இன் சொல்லகராதியையே எடுத்தது. சிங்களவரின் நாட்டிலேறிய 'தெமள' என்ற உருவம் சிம்மாசனத்திலிருந்து இறங்கி லயத்துக்கு வந்தது. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியபோதும், 1983 ஜூலையிற் பதுளை நகரம் எரிந்தபோதும், 2000 ஒக்டோபரிற் பிந்துனுவெவவிற் புனர்வாழ்வு முகாமிலிருந்த தமிழ் இளைஞர் கொல்லப்பட்டபோதும், அச்சொல்லகராதி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. கண்ணுசாமிக்கும் பசறைத் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்தெடுத்த பெண்ணுக்கும் பொதுவாக எதுவுமில்லை. வடுக மன்னனின் அரண்மனையில் அவளுடைய பாட்டன் வாயிலைக்கூடக் கண்டிருக்கமாட்டான். அவர்களைப் பிணைத்தது ஒரு வசைச்சொல் மட்டுமே.

இதனாலேயே 'இறுதித் தமிழ் மன்னன்' என்னும் பெருமிதத்தை நாம் ஏற்கத் தயங்குகின்றோம். உடன்படிக்கையிற் பிரபுக்கள் சிலர் தமிழெழுத்திற் கைச்சாத்திட்டனர் என்பது இப்பெருமிதத்துக்கு ஆதாரமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. கண்டிய அவையில் தமிழ் வழங்கியதை யாரும் மறுக்கவேண்டியதில்லை. அவ்வெழுத்து எவ்விலயத்துக்கும் கூரை வேய்ந்ததில்லை. வாவி வெட்டியவனின் ஊழியமும் கான் வெட்டியவனின் ஊழியமும் ஒப்பிடத்தக்கவை. அவ்வொப்பீட்டில் மன்னன் நம் பக்கத்தில் இல்லை. 2016 இல் கெப்பெட்டிப்பொல முதலியோர்மீது 1818 இல் விதிக்கப்பட்ட துரோகிப் பட்டம் அரசாங்கத்தால் நீக்கப்பட்டு, அவர்கள் தேசிய வீரராகப் பிரகடனஞ் செய்யப்பட்டனர். அது நியாயமானதே. ஆனால் விழாமேடையிற் கொண்டாடப்படும் கெப்பெட்டிப்பொல சிங்கள இனத்தின் வீரன். அவன் யாருடைய பெயரால் வாளெடுத்தான் என்பது அவ்வுருவத்துக்குள் அடங்குவதில்லை.

இத்துறையிற் செய்யவேண்டிய பணி காவிய ஏடுகளோடு முடிவதன்று. 1817-18 பற்றி வெல்லஸ்ஸ, பிந்தென்னப் பகுதிகளிற் கிராமியக் கவியும் வாய்மொழிச் செய்தியும் எவ்வளவு எஞ்சியுள்ளன, அவற்றிலே துரைசாமியின் பெயர் எவ்வாறு வருகின்றது, 'வடிக', 'தெமள' என்ற இரு சொற்களும் அங்கே எப்பொருளில் வழங்குகின்றன என்பவை களத்திற் சென்று தேடப்படவேண்டியவை. சிங்களப் புலவனின் ஏட்டைத் தமிழ் மாணவனும், தோட்டத்துப் பாட்டைச் சிங்கள மாணவனும் மூலமொழியிலேயே வாசிக்கத்தக்க இரட்டைப் பயிற்சி இதற்கு வேண்டும். பசறையிலும் லுணுகலையிலும் அவ்விரு மொழியும் ஒரே கடைத்தெருவிற் பேசப்படுகின்றன. தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.